இயேசு வருகிறார், சரி, அதுவரைக்கும் நாம் என்ன செய்வது? இரண்டாம் வருகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் அரசரடிப் பக்கம் எங்கள் சபையில் ஞாயிறு சாயங்காலம் வேதபாடம் நடக்கும். சி.எஸ்.ஐ. குடும்பங்கள்தான் அதிகம். ஆனாலும் ஞானஒளிவுபுரத்திலிருந்து கத்தோலிக்கப் பிள்ளைகள், காலையில் பெந்தெகொஸ்தே ஆராதனைக்குப் போய்விட்டு மாலையில் மாமியாரோடு இங்கே வரும் மருமகள்கள், கூட்டாளியோடு சும்மா வந்து உட்காரும் இந்துப் பையன்கள் என்று எல்லாரும் உண்டு. எந்த அதிகாரத்தை எடுத்தாலும் பேச்சு கடைசியில் வருகையில்தான் போய் நிற்கும். நேரில் கேட்டது, வாட்ஸ்அப்பில் கேட்டது, துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தது என எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் ஆயர் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும், எனக்கு மனப்பாடம் அதுதான்.

"இயேசு சீக்கிரம் வருகிறார்" என்று ஷேர் ஆட்டோ முதுகில்கூட எழுதியிருக்கிறது. 2000 வருஷம் ஆகப்போகிறது. இன்னும் என்ன சீக்கிரம்?

நீங்கள் முதல் ஆள் இல்லை. "அவர் வருவார் என்று சொல்லுகிற வாக்குத்தத்தம் எங்கே?" என்று கேலி பேசினவர்கள் இருந்ததைப் பேதுருவின் இரண்டாம் நிருபமே சொல்கிறது. மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களில் பலர் தங்கள் காலத்திலேயே அவர் வருவார் என்றுதான் எதிர்பார்த்தார்கள். பவுல்கூட "உயிரோடிருக்கும் நாம்" என்று தன்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறார். இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தலைமுறை ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள், இயேசு வரவில்லை, ஆனால் சபை கலைந்துபோகவும் இல்லை. எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது. தேதியை நம்பி நின்ற கூட்டமாக இருந்திருந்தால் முதல் நூற்றாண்டு முடிவதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பேதுரு இரண்டு பதில் சொல்கிறார். ஆயிரம் வருஷம் கர்த்தருக்கு ஒருநாள் போல என்பது ஒன்று. இதை எடுத்துக்கொண்டு ஆறு நாள் படைப்பு, அப்படியானால் உலகத்துக்கு ஆறாயிரம் வருஷம் என்று பெருக்கல் போடுகிறவர்கள் உண்டு. அவர் வாய்ப்பாடு கொடுக்கவில்லை, உன் கடிகாரத்தை வைத்து அவரை அளக்காதே என்கிறார், அவ்வளவுதான். இரண்டாவது பதில்தான் முக்கியம்: ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்று விரும்பி "நம்மேல் நீடிய பொறுமையுள்ளவராயிருக்கிறார்." தாமதம் என்று நாம் சொல்வதை அவர் பொறுமை என்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்கு நான் சொன்னது, 1990இல் அவர் வந்திருந்தால் நீ பிறந்தே இருக்கமாட்டாயே, அப்புறம் யார் வந்து இந்தக் கேள்வியைக் கேட்பது?

யூடியூபில் ஒரு ஊழியர் வருஷம் மாதத்தோடு சொல்கிறார். கணக்கும் சரியாகத்தானே இருக்கிறது?

கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். வில்லியம் மில்லர் என்று அமெரிக்காவில் ஒரு விவசாயி இருந்தார், பாப்டிஸ்ட் சபைக்காரர். தானியேல் 8:14இல் வரும் 2300 நாளை 2300 வருஷமாக எடுத்து, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843 வாக்கில் இயேசு வருவார் என்றார். வரவில்லை. கணக்கைத் திருத்தி 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். பயிரை அறுக்காமல் விட்டவர்களும் கடையை மூடினவர்களும் உண்டு. 23ஆம் தேதி வழக்கம்போலவே விடிந்தது. வரலாற்றில் அந்த நாளுக்குப் பெயரே 'பெரும் ஏமாற்றம்'.

அப்புறம் 1992இல் தென்கொரியாவில் ஒரு கூட்டம் அக்டோபர் 28 நள்ளிரவில் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று வேலையை விட்டு, சொத்தை விற்றுக் காத்திருந்தது. அதன் தலைவர் அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே மோசடி வழக்கில் கைதாகிவிட்டார். அவர் வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் முதிர்வடையும் தேதி 1993 மே! ஊருக்குச் சொன்ன தேதி ஒன்று, தனக்கு வைத்துக்கொண்ட தேதி வேறு. 2011இல் அமெரிக்க வானொலி ஊழியர் ஹெரால்ட் கேம்பிங் மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார், மறு வருஷம் அது பாவமான செயல் என்று அவரே எழுதினார். அந்த மட்டில் அவர் தேவலை.

எனக்கு இதில் பிடித்த சங்கதி வேறு. மில்லரின் ஆட்கள் அங்கே நாள் எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரிகள் நம் மதுரையில் இருந்தார்கள். 1834இல் ஆரம்பித்த அமெரிக்கன் மதுரை மிஷன். அவர்கள் வருகையை நம்பாதவர்கள் இல்லை. ஆனாலும் 1842இல் திருமங்கலத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கி, 1845இல் அதைப் பசுமலைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஏமாற்றம் நடந்த மறு வருஷம் இங்கே பையன்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தத் தொடர்ச்சியில் 1881இல் பசுமலையில் கல்லூரி வந்தது, பிறகு அது ஊருக்குள் இடம் மாறியது, இன்றைக்குக் கோரிப்பாளையம் பக்கம் நிற்கிற அமெரிக்கன் கல்லூரி அதுதான். அதில் படித்தவர்கள் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் இந்துக்களாகவும் இருப்பார்கள்.

தேதி சொல்கிற வீடியோ வந்தால் மத்தேயு 24:36ஐத் திருப்பி அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள். "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்." தூதர்களுக்கே தெரியாத ஒன்று, சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்கிறவருக்கு எப்படித் தெரியும்?

ஆதார், பார்கோடு, கொரோனா ஊசி, இதில் எது அந்திக்கிறிஸ்துவின் முத்திரை?

எதுவும் இல்லை. பார்கோடு வந்தபோது அதுதான் என்றார்கள். அப்புறம் கிரெடிட் கார்டு, அப்புறம் ஆதார், அப்புறம் ஊசி. ஒவ்வொன்றும் பழகிப்போனதும் அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள், முந்தினதைப் பற்றி யாரும் பேச்சே எடுப்பதில்லை.

முத்திரையும், மிருகத்தின் எண்ணாகிய 666உம் வருவது வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில். யோவான் அதை எழுதியது அன்றைய ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கியில், இருந்த ஏழு சபைகளுக்கு. ரோமச் சக்கரவர்த்தியைக் கடவுளாக வணங்குகிற ஊர்கள் அவை, வணங்காதவனுக்கு ஊரிலும் சந்தையிலும் நெருக்கடி. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. நீரோ சீசர் என்ற பெயரை அப்படி எழுதிக் கூட்டினால் 666 வரும் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்று இருக்கிறது, அந்தப் பெயரை லத்தீன் உச்சரிப்பில் எழுதிக் கூட்டினால் அதுவும் சரியாக வருகிறது. யாரை வணங்குகிறாய் என்பதுதான் அங்கே கேள்வி. 13ஆம் அதிகாரத்தில் முத்திரையைப் படித்துவிட்டு பயப்படுகிறவர்கள் அடுத்த பக்கம் திருப்பி 14:1 படிப்பதில்லை, அங்கே ஆட்டுக்குட்டியானவரின் ஜனங்களுக்கும் நெற்றியில் அவர் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. அதை யாரும் சிப் என்று சொல்லக் காணோம்.

ஆதார் எடுக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து முதியோர் உதவித்தொகையை விட்டுக்கொடுத்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தவர் இன்றைக்கு ஜி-பேயில் காணிக்கை வாங்குகிறார்.

ரகசிய வருகை உண்டா, இல்லையா? எங்கள் சபையில் உண்டு என்கிறார்கள், பாட்டியின் கோயிலில் ஃபாதர் அப்படி ஒன்று சொன்னதே இல்லை.

சபைக்குச் சபை இதில் வித்தியாசம் உண்டு. கிறிஸ்து மறுபடி வருவார், உயிரோடிருக்கிறவர்களையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்ப்பார் என்பதை எல்லாச் சபைகளும் அறிக்கையிடுகின்றன. அதற்கு ஏழு வருஷம் முன்னால் விசுவாசிகள் மட்டும் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது 1830கள் வாக்கில் இங்கிலாந்து, அயர்லாந்துப் பக்கம் ஜான் நெல்சன் டார்பி என்பவர் வழியாகப் பரவிய போதனை. 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கத்தோலிக்கரும் பழைய சீர்திருத்தச் சபைகளும் அதை ஏற்கவில்லை. பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளில் பெரும்பாலும் ஏற்கிறார்கள். இரண்டு பக்கமும் வேதத்தை நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இதை வைத்துச் சம்பந்தம் முறிக்கிற அளவுக்குப் போகாதீர்கள் (போயிருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்).

என் கருத்து வேண்டுமென்றால் சொல்கிறேன். 1 தெசலோனிக்கேயர் 4:16ஐ ரகசியம் என்று என்னால் படிக்க முடியவில்லை. ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம், இதைவிடச் சத்தமாக ஒரு வசனம் எழுத முடியாது. அடுத்த வசனத்தில் மேகங்கள்மேல் அவருக்கு "எதிர்கொண்டுபோக" என்று வருகிறது. எதிர்கொண்டு போகிறவர்கள் அப்புறம் எங்கே போவார்கள்? மதுரைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சித்திரையில் அழகர் இறங்கி வரும்போது மூன்றுமாவடியில் ஊரே திரண்டு எதிர்சேவை செய்கிறது, செய்துவிட்டு யாரும் அவரோடு அழகர்மலைக்குத் திரும்பிப் போவதில்லை, அவரை அழைத்துக்கொண்டு ஊருக்குள்தான் வருகிறார்கள். பவுல் காலத்திலும் ராஜா வந்தால் பட்டணத்துக்கு வெளியே போய் வரவேற்று உள்ளே கூட்டிவருவதுதான் வழக்கம். அப்போஸ்தலர் 28இல் ரோமாபுரிச் சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும், மூன்று சத்திரம் வரைக்கும் பவுலை எதிர்கொண்டு வந்து ரோமாபுரிக்குக் கூட்டிப்போகிறார்கள். ஆகவே நாம் இந்தப் பூமியை விட்டு ஓடிப்போவதைப் பற்றிய வசனமாக இல்லாமல், ராஜா இங்கே வருவதைப் பற்றிய வசனமாகவே இதைப் படிக்கிறேன். உங்கள் பாஸ்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள், என் பெயரைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள்.

வீட்டில் யாரும் இல்லையென்றால் என் மகள் "எல்லாரும் வருகையில போயிட்டாங்க, நான் மட்டும் கைவிடப்பட்டேன்" என்று அழுகிறாள். எட்டு வயது. என்ன செய்வது?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், பிள்ளைமேல் இல்லை. மத்தியானம் தூங்கி எழுந்த பிள்ளை, அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள் என்று தெரியாமல், அடுப்பில் குக்கர் மட்டும் விசிலடித்துக்கொண்டிருக்க, தெருவுக்கு ஓடிவந்து பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறாளா என்று பார்க்கிறது. அந்த அக்கா ரட்சிக்கப்பட்டவள், அவள் இருந்தால் இன்னும் வருகை நடக்கவில்லை என்று கணக்கு! இந்தக் கதையை வேறு வேறு வீடுகளில் கேட்டிருக்கிறேன், வளர்ந்து கல்யாணமானவர்கள்கூடச் சொல்வார்கள்.

பொய் சொன்னால், ஹோம்வொர்க் எழுதாவிட்டால், இயேசு வரும்போது விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று மிரட்டுவதை முதலில் நிறுத்துங்கள். ஓய்வுநாள் பள்ளியில் சொல்கிறார்கள் என்றால் அங்கே போய்ப் பேசுங்கள். பிள்ளைக்கு யோவான் 14ஐச் சொல்லிக் கொடுங்கள். இயேசு தாம் திரும்பி வருவதைச் சீஷர்களுக்குச் சொல்வது அவர்களைத் தேற்றுவதற்காக, "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்றுதான் ஆரம்பிக்கிறார். சிறு பிள்ளைகளைத் தடுத்த சீஷர்களை அவர் அதட்டினார், பிள்ளைகளை இல்லை. இவ்வளவும் சொன்ன பிறகும் அவள் இரவில் தூங்காமல் பயந்தால் கொஞ்ச நாள் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொள்ளுங்கள், மாடிக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அவர் எப்படியும் வரப்போகிறார். நீட் கோச்சிங், வீட்டுக் கடன், கல்யாணம், இதெல்லாம் எதற்கு?

தெசலோனிக்கேயில் இதே யோசனையில் வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள் போலிருக்கிறது. பவுல் அவர்களுக்கு இரண்டாம் நிருபத்தில் எழுதியது: "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது." வேலை கிடைக்காதவனைச் சொல்லவில்லை, மனதில்லாதவனைச் சொல்கிறார். அவரே கூடாரத் துணி தைத்துப் பிழைத்தவர்.

அந்த இரண்டாம் நிருபத்திலேயே இன்னொரு சுவாரசியம் உண்டு. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று பவுல் பெயரில் யாரோ கடிதம் அனுப்பியிருப்பார்கள் போல, "எங்களிடத்திலிருந்து வந்ததாய்த் தோன்றுகிற" நிருபத்தைப் பார்த்துக் கலங்காதீர்கள் என்கிறார். ஃபார்வர்டு மெசேஜ் அப்போதே இருந்திருக்கிறது.

பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன் இதே சாக்கைச் சொல்லி மாடல் எக்ஸாமுக்குப் படிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவன் பைக்கில் பெட்ரோல் மட்டும் நிறைய இருந்தது. கடன் வாங்கினால் தவணையைக் கட்டுங்கள், பெண் பார்த்தால் கல்யாணம் பண்ணுங்கள், பரீட்சை வந்தால் படியுங்கள். மத்தேயு 24இல் எஜமான் திரும்பி வரும்போது பாக்கியவான் என்று சொல்லப்படும் வேலைக்காரன் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இல்லை, மற்ற வேலைக்காரருக்கு ஏற்ற வேளையில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவன். சீஷர்கள் ஒலிவமலையில் வானத்தையே பார்த்து நின்றபோது வந்த இரண்டு பேர் கேட்டதும் அதுதான்: "நீங்கள் ஏன் வானத்தை அண்ணாந்துபார்த்து நிற்கிறீர்கள்?"

அம்மா போன வருஷம் தவறிவிட்டார். சாகும்வரை "ஆண்டவர் வருவார், நான் பார்ப்பேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்காமலே போய்விட்டாரே.

அக்கா, இந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்ட கடிதம் ஒன்று இருக்கிறது. தெசலோனிக்கேயரின் முதல் நிருபம், ஏறக்குறைய கி.பி. 50, 51இல் எழுதப்பட்டது, பவுலின் கடிதங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. அந்தச் சபையில் சிலர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு உங்களுடைய அதே துக்கம்: வருகையைப் பார்க்காமலே போய்விட்டார்களே, அவர்களுக்கு நஷ்டமாகிவிட்டதே. பவுலின் பதில், "கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்." உயிரோடிருப்பவர்கள் அவர்களுக்கு அப்புறம்தான். அம்மா சொன்னது வீண் போகவில்லை, உங்களுக்கு முன்னால் அவர் பார்ப்பார்.

அழக்கூடாது என்று பவுல் சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்காதீர்கள் என்கிறார். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்கு வரும் வழியில் கண்ணீர் விட்டார். துக்க வீட்டில் வந்து "ஸ்தோத்திரம் சொல்லுங்க, அழாதீங்க" என்று அதட்டுகிற ஆட்களுக்கு யோவான் 11ஐ வாசித்துக் காட்டலாம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று எந்தக் கல்லறைத் தோட்டத்துக்காவது போய்ப் பாருங்கள். முந்தின நாளே புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, அழிந்த பெயரைக் கறுப்புப் பெயிண்டில் திரும்ப எழுதி வைத்திருப்பார்கள். மாட்டுத்தாவணியில் வாங்கின செவ்வந்தியை உதிர்த்துச் சிலுவையாகப் பரப்பியிருப்பார்கள். மெழுகுவர்த்தி காற்றில் அணைகிறது என்று ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நடுவில் வெட்டிக் கவிழ்த்து வைப்பார், பேரன் கல்லறைமேல் உட்கார்ந்து முறுக்குத் தின்பான், யாரும் அவனை எழுப்புவதில்லை. செத்தவர்களோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் இப்படிப் பெயிண்ட் அடிக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இப்போது அம்மா எங்கே இருக்கிறார் என்றும் கேட்டிருந்தீர்கள். தேகத்தை விட்டுப் பிரிந்தால் கிறிஸ்துவுடனே இருப்பேன் என்று பிலிப்பியர் 1இல் பவுல் எழுதுகிறார், எனக்கு அது போதுமானதாக இருக்கிறது. கத்தோலிக்கர் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிறார்கள், நாங்கள் ஜெபிப்பதில்லை. உயிர்த்தெழுதல் உண்டு என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை.

கட்டட வேலைக்குப் போகிறேன். மேஸ்திரி கூலி பாக்கி வைத்து இழுத்தடிக்கிறார். பிரசங்கத்தில் "கர்த்தர் வருமளவும் பொறுமையாயிருங்கள்" என்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறதா வேதம்?

அண்ணே, அந்த வசனம் யாக்கோபு 5:7. அதற்கு மூன்று வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று பிரசங்கியார் வாசித்தாரா? வயலை அறுத்த வேலைக்காரருடைய கூலி அநியாயமாய்ப் பிடித்துவைக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளுக்கு எட்டியது என்று 5:4 சொல்கிறது. அந்த அதிகாரமே பணக்காரரைக் கண்டித்துத்தான் ஆரம்பிக்கிறது. பொறுமையாயிருங்கள் என்பது உங்களைப் போல ஏமாற்றப்பட்ட ஆட்களுக்குச் சொன்னது. அதைச் சொல்லுமுன் யாக்கோபு பணக்காரனைப் பேர் சொல்லாத குறையாகத் திட்டித் தீர்த்துவிடுகிறார். முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் கூலிக்காரனுக்குச் சொல்வது அநியாயம்.

அந்த வசனத்தில் வரும் விவசாயியைப் பாருங்கள். முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் காத்திருக்கிறான். இஸ்ரவேல் நாட்டில் முன்மாரி நம் ஐப்பசி, கார்த்திகை வாக்கில். காய்ந்து கிடக்கும் மண்ணை இளக்கி உழவுக்கும் விதைப்புக்கும் வழிவிடுவது அந்த மழை. பின்மாரி பங்குனி வாக்கில், கதிர் பால் பிடித்து முற்றுகிற நேரம். இரண்டில் எது பொய்த்தாலும் போச்சு. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசலில் மானாவாரி போடுகிறவர்களைக் கேளுங்கள், இந்த வசனம் அவர்களுக்கு வியாக்கியானம் இல்லாமலே புரியும். மழையை வரவழைக்க அவர்களால் முடியாது, ஆனால் மழை வரும் என்று நம்புகிறவன்தான் புரட்டாசிக்கு முன்னாலேயே உழுது போடுகிறான், வரப்பைச் சரிபண்ணுகிறான், விதைப் பருத்திக்குக் கடன் சொல்லி வைக்கிறான். இரண்டு மழைக்கு நடுவில் களை எடுக்க வேண்டும், காவல் காக்க வேண்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு மேகத்தைப் பார்க்கிறவனை ஊரில் யாரும் பொறுமைசாலி என்று சொல்லமாட்டார்கள்.

ஆகவே போய்க் கேளுங்கள். எந்தெந்தத் தேதி வேலைக்குப் போனீர்கள், யார் கூட இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள். அப்படியும் தரவில்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், எழுதித் தர நான் இருக்கிறேன். மேஸ்திரியை அடிக்கப் போகாதீர்கள், அவரைப் போலவே பொய்க் கணக்கும் எழுதாதீர்கள். யாக்கோபு சொல்லும் பொறுமை என்று நான் புரிந்துகொண்டது அதைத்தான்.

ஜெபிக்க மனசே வரவில்லை. காத்திருந்து சலித்துவிட்டது. நான் பின்வாங்கிப் போய்விட்டேனா?

சலிப்பு வேறு, பின்வாங்குவது வேறு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு சாகவேண்டும் என்று கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, தட்டி எழுப்பி அடை கொடுத்தான், தண்ணீர் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். உங்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்வேன். தூக்கமே இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் டாக்டரைப் பாருங்கள், அதற்கும் விசுவாசத்துக்கும் சண்டை இல்லை.

ஜெபம் வரவில்லையென்றால் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சொல்லுங்கள். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்ற வரியிலேயே வருகைக்கான ஜெபம் அடங்கிவிட்டது. ஆராதனைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருங்கள், பாட வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பாடட்டும். சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்று எபிரெயர் 10:25 சொல்வது, அந்த நாள் சமீபித்து வருகிறது என்ற காரணத்தோடு.

உறுதிக்கு இந்தப் பக்கத்திலேயே ஆள் வேண்டுமென்றால் அருளானந்தர் இருக்கிறார். ஜான் டி பிரிட்டோ, போர்த்துக்கல் நாட்டுக்காரர், பழைய மதுரை மிஷனின் சேசு சபைக் குருவானவர். 1686இல் மறவ நாட்டில் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள், பிறகு விட்டார்கள். ஊருக்குப் போனார், ராஜா அங்கேயே இருக்கச் சொன்னார். இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். 1690இல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. நான் கத்தோலிக்கன் இல்லை, இருந்தாலும் ஓரியூர்ச் செம்மண்ணை மடித்து எடுத்து வந்து வீட்டில் வைத்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

உலகம் அழியத்தானே போகிறது. வைகையைச் சுத்தம் பண்ணுவது, மரம் நடுவதெல்லாம் வீண் இல்லையா?

வெளிப்படுத்தல் 21 புதிய வானம் புதிய பூமி என்கிறது, அங்கே நகரம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது. ரோமர் 8இல் படைப்பு முழுவதும் விடுதலைக்காகத் தவிக்கிறது. 1 கொரிந்தியர் 15இல் உயிர்த்தெழுதலைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டு, கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது, ஆகையால் "உறுதிப்பட்டவர்களாயும், அசையாதவர்களாயும்" இருங்கள் என்று பவுல் முடிக்கிறார். அதனால் மரத்தை நடுங்கள். நாளைக்கு உலகம் முடிந்தாலும் இன்றைக்கு ஆப்பிள் மரம் நடுவேன் என்று மார்ட்டின் லூத்தர் சொன்னதாக ஒரு படம் சுற்றுகிறது, அவர் அப்படி எழுதினதாக எங்கும் இல்லை, 1944இல்தான் அந்த வாக்கியம் ஜெர்மனியில் தலைகாட்டுகிறது. நம் ஊரில் ஆப்பிள் வேறு வராது, வேம்பு வையுங்கள்.

கல்கி அவதாரம் மாதிரியா சார் இது?

அநியாயத்தை முடிக்க ஒருவர் வருவார் என்ற எதிர்பார்ப்பு இரண்டிலும் உண்டு, தம்பி. எங்கள் நம்பிக்கையில் புது ஆள் வருவதில்லை. கையில் ஆணித்தழும்போடு போன அதே இயேசுதான் வருகிறார்.

இடத்தை விற்று ஊழியத்துக்குக் கொடுத்துவிடு, வருகைக்கு அப்புறம் பத்திரம் எதற்கு என்கிறார் ஒரு ஊழியர்.

அவருடைய பெயரில் இருக்கும் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் பேசாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வருகையைப் பற்றிப் படிக்க எங்கே ஆரம்பிப்பது? வெளிப்படுத்தலை எடுத்தால் தலை சுற்றுகிறது.

அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தெசலோனிக்கேயர் இரண்டு நிருபங்கள், மொத்தம் எட்டு அதிகாரம், ஆரப்பாளையத்தில் ஏறினால் திண்டுக்கல் போவதற்குள் முடித்துவிடலாம். அடுத்தது மத்தேயு 24, 25 இரண்டையும் சேர்த்து. 24ஐ மட்டும் படித்தால் யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி என்று பயத்தோடு நிறுத்திவிடுவீர்கள், 25இன் கடைசியில் பசியாயிருந்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, காவலில் இருந்தவனைப் பார்க்க வந்தாயா என்று ராஜா கேட்கிற இடம் வரைக்கும் போங்கள். அப்புறம் 2 பேதுரு 3, யாக்கோபு 5. வெளிப்படுத்தலுக்கு வரும்போது பக்கத்தில் தானியேலையும் எசேக்கியேலையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் உள்ள மிருகங்களில் பாதி அங்கிருந்து வந்தவைதான். தனியாகப் படிக்க வேண்டாம், ஞாயிறு ஐந்தரைக்கு வாருங்கள், இப்போது இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறோம், சிமிர்னா சபை.